வாக்குப் பெட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?



தேர்தல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண்முன் வருவன மேடையும் மாலையும் ஒலிபெருக்கியும் சுவரொட்டியுமே. யார் வெல்வார், யார் தோற்பார் என்ற பேச்சிலேயே இரவுகள் கழிகின்றன. ஆயினும் தேர்தல் நடைபெறும் இடம் அவற்றுள் எதுவும் அன்று. பேசாலையிலோ எருக்கலம்பிட்டியிலோ நானாட்டானிலோ விடத்தல்தீவிலோ உள்ள ஒரு பாடசாலை மண்டபத்தில், வாங்குகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை நடைபெறுவதே தேர்தல். 2024 செப்டெம்பர் 21இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலின்போது இலங்கை முழுவதிலும் 13,400க்கு மேற்பட்ட வாக்களிப்பு நிலையங்கள் இருந்தன. அவற்றுள் நம் மன்னாருக்கு உரியவற்றைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். எவருக்கு வாக்களிக்க வேண்டும் என்று கூற நாம் வரவில்லை. அதனைக் கூறுவோர்க்கு இந்நாட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

வாக்களிப்புத் தொடங்குமுன், தலைமை தாங்கும் அலுவலர் வெறும் பெட்டியைத் திறந்து, அங்குள்ள முகவர்களுக்குக் காட்டுகிறார். உள்ளே ஒன்றுமில்லை என்பதை அனைவரும் கண்ணாற் கண்டபின் பெட்டி மூடப்பட்டு முத்திரையிடப்படுகிறது. இதனைச் சடங்கு என்று எண்ணுவோர் உளர். காலையில் ஏழு மணிக்கு முன்னரே எழுந்துவந்து அப்பெட்டிக்குள் எட்டிப் பார்க்க ஒரு முகவர் இல்லையெனில் அது சடங்காகவே போய்விடும் என்பதும் உண்மையே.

பின்னர் வாக்காளர் ஒவ்வொருவராக வருகின்றனர். அடையாள அட்டை பார்க்கப்படுகிறது. எழுதுவினைஞர் இடாப்பில் உள்ள பெயரையும் இலக்கத்தையும் யாவரும் கேட்க உரத்து வாசிக்கிறார். பெயருக்கு நேரே கோடு இடப்படுகிறது. இடக்கை விரலில் அழியா மை பூசப்படுகிறது. உத்தியோக முத்திரையிட்ட வாக்குச்சீட்டு வழங்கப்படுகிறது. வாக்காளர் மறைப்புக்குள் சென்று புள்ளடி இட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் இடுகிறார். இவையனைத்தும் நீங்கள் அறிந்தவையே. ஆனால் பெயரை ஏன் உரத்து வாசிக்க வேண்டும் என்று எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

அவ்வூரவர் ஒருவர் அங்கே முகவராக அமர்ந்திருக்கிறார். இறந்தவர் யார், கடல் கடந்தவர் யார் என்பது அவருக்குத் தெரியும். 1983க்குப் பின்னரும் 1990இலும் மீண்டும் 2006இலும் இக்கரையிலிருந்து எத்தனை குடும்பங்கள் இரவோடிரவாக வள்ளமேறி இராமேசுவரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும் போயின என்பதை உங்களுக்கு நாம் கூறத் தேவையில்லை. ஆள் அக்கரையிலும் பெயர் இக்கரையிலுமாக இருக்கும் ஊரைவிட ஆள்மாறாட்டத்துக்கு வளமான நிலம் வேறெங்கும் இல்லை. கொழும்பிலிருந்து வந்த கண்காணிப்பாளருக்கு அந்த முகம் எவருடையது என்று தெரியாது, அயல்வீட்டாருக்குத் தெரியும். முகவர் ஆட்சேபித்தால், வந்தவரிடம் 'நானே இப்பெயருக்கு உரியவன்' என்று எழுத்திற் கையொப்பம் பெறும் கடமை அலுவலருக்கு உண்டு. பொய்யாக ஒப்பமிடுதல் குற்றம். பொய்யன் பெரும்பாலும் பேனாவைக் கண்டதும் திரும்பிவிடுவான்.

இதன் மறுபக்கமும் உண்டு. உண்மையான வாக்காளர் ஒருவர் வந்து, தம் பெயரில் முன்னரே எவரோ வாக்களித்துவிட்டதைக் காண்கிறார். நம்மவர் இந்நிலையில் என்ன செய்கின்றனர்? நான்கு வசைமொழி கூறிவிட்டு வீடு திரும்புகின்றனர். அவ்வாறு திரும்பத் தேவையில்லை. தாமே அந்த வாக்காளர் என்று உறுதிமொழி அளித்து, வேறு நிறத்துச் சீட்டொன்றைக் கேட்டுப் பெறலாம். அச்சீட்டு பெட்டியில் இடப்படாமல் அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டுத் தனியே வைக்கப்படும். அன்றைய எண்ணிக்கையில் அது சேராது. ஆயினும் தேர்தல் வழக்கென்று ஒன்று எழும் நாளில் அதுவே சான்றாக நிற்கும். கோபத்தோடு வீடு திரும்பியவர் எந்த நீதிமன்றிலும் சான்றாக மாட்டார்.

நான்கு மணிக்குப் பின் நடப்பது இன்னும் முக்கியமானது. பெற்ற சீட்டுகள் எத்தனை, வழங்கியவை எத்தனை, பழுதானவை எத்தனை, மீதி எத்தனை என்று கணக்கெழுதி, பெட்டிக்கு மீண்டும் முத்திரையிட்டு, பொலிசாரின் காவலுடன் எண்ணும் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். 1981 சூன் 4இல் யாழ்ப்பாணத்தில் நடந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலை முதியோர் மறந்திருக்க மாட்டீர்கள். பழகிய அலுவலர்கள் கடைசி வேளையில் அகற்றப்பட்டனர்; வெளியூரார் அமர்த்தப்பட்டனர்; வாக்குப் பெட்டிகள் சில காணாமற் போயின. நூலகம் எரிந்த அவலத்தின் நிழலில் அப்பெட்டிகளின் கதை மறைந்துபோயிற்று. ஒவ்வொரு பெட்டிக்கும் கணக்கு வேண்டும், அக்கணக்கை முகவரும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இம்முறை ஒரே நாளில் உருவானதன்று. மன்னர் ஆண்ட பிரித்தானியாவிலேயே 1872 வரை வாக்காளன் பலரறியத் தன் தெரிவை வாய்விட்டுக் கூறினான். பண்ணையாரும் கடன்கொடுத்தவனும் அருகே நின்று கேட்டனர். மறைவான வாக்கை அங்கே சட்டமாக்குமுன்னரே ஆத்திரேலியாவின் விக்டோரியா 1856இல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. இலங்கையில் டொனமூர்த் திட்டத்துக்கு முன் நூற்றுக்கு நால்வர்க்கே வாக்கு இருந்தது. 1931இல் 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குக் கிடைத்தது. பிரித்தானியப் பெண்கள் ஆடவருக்குச் சமமாக வாக்குப் பெற்ற மூன்றே ஆண்டுகளில் மன்னார்க் கரையின் மீனவப் பெண்ணும் வாக்காளரானாள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற நம் பெரியவர்களே சர்வசன வாக்குரிமையை எதிர்த்தனர் என்பதை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. படியாதவன் கையில் வாக்கா என்று அவர்கள் அஞ்சினர். படித்தவர்கள் செய்த தேர்தற் பிழைகளை அவர்கள் பார்க்க நேரவில்லை.

அவ்வாண்டில் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் அழைப்பினால் குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் தேர்தலைப் பகிட்கரித்தன. மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதி வாக்களித்தது. அந்நாளில் அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், நிறத்துக்கொரு பெட்டி. எழுத்தறியாதவருக்கு அது எளிது. ஆனால் சீட்டைப் பெட்டியில் இடாமல் மடியிற் செருகிக்கொண்டு வெளியே வந்து விற்றுவிடவும் அதில் இடமுண்டு. பின்னர் நிறம் போய்ச் சின்னம் வந்தது. 1947இல் மன்னார் தனித் தொகுதியாகி, சி. சிற்றம்பலம் தெரிவாகித் தபால் தந்தி அமைச்சரானார். அக்காலத்தில் தேர்தல் பல நாள்களில் நடைபெறும். ஒரே நாளில் நாடு முழுவதும் வாக்களித்தது 1960 மார்ச்சிலேதான். 1977இல் பி. எஸ். சூசைதாசனைத் தெரிவுசெய்ததோடு மன்னாரின் தனித் தொகுதிக் காலம் முடிந்தது. 1989 தொடக்கம் வவுனியா, முல்லைத்தீவுடன் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கிறோம். ஒரு கட்சிக்குப் புள்ளடியும், அதன்பின் மூவர்க்கு மேற்படாமல் விருப்பு வாக்கும் என்பது இன்றைய முறை.

இம்முறை வாக்காளரைக் குழப்புகிறது என்பதற்குக் கணக்கே சாட்சி. 2024 நவம்பர் 14இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் நாடெங்கும் 6,67,240 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. இட்ட வாக்குகளுள் ஏறத்தாழப் பதினெட்டுக்கு ஒன்று குப்பைக்குப் போயிற்று! மேடையில் இரண்டு மணி நேரம் முழங்குவோர், பத்து நிமிடம் மாதிரிச் சீட்டொன்றைக் காட்டி விளக்கியிருந்தால் அவற்றுட் பாதி பிழைத்திருக்கும்.

இனி, நாம் இங்கு வந்த காரியத்துக்கு வருவோம். மண்டபத்தின் உள்ளே நடப்பது ஓரளவு சீராகவே நடக்கிறது. மன்னாரின் துன்பம் மண்டபத்துக்குப் போகும் பாதையில் இருக்கிறது.

2001 திசெம்பர் 5ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். வன்னியிலும் மட்டக்களப்பிலும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஊர்களின் மக்களுக்காக, அரச கட்டுப்பாட்டுப் பக்கத்தில் கூட்டு வாக்களிப்பு நிலையங்கள் ஏற்பாடாயின. ஊரில் பெட்டி வைக்க இயலாது. மக்கள் எல்லை கடந்து வந்து வாக்களிக்கலாம் என்பது ஏற்பாடு. வாக்களிப்பு நாளன்று படையினர் எல்லையை மூடிவிட்டனர். பெட்டி ஒருபுறம், வாக்காளர் மறுபுறம். பாதிக்கப்பட்டோர் உயர் நீதிமன்றம் சென்றனர். அவர்களுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2003இல் தீர்ப்பாயிற்று. வாக்களித்தல் கருத்து வெளியிடும் உரிமையின் ஒரு பகுதி என்பதை அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. நல்ல தீர்ப்பு. ஆயினும் கடந்துபோன தேர்தலில் அவர்களுடைய வாக்கு எண்ணப்படவே இல்லை.

பாதையை மூடியது ஒரு தரப்பு மட்டுமன்று. 2005 நவம்பர் 17இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் புலிகளின் பகிட்கரிப்பு அழைப்பு வந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்கூட வாக்களிக்கவில்லை. வாக்களியாதிருத்தலும் ஓர் உரிமையே. வாக்களிக்க விரும்பியவன் அஞ்சி வீட்டில் இருந்தால் அதற்கு உரிமை என்று பெயரிடுதல் தகாது.

இப்பொழுது கூறப்போவது நம்மிற் சிலருக்குக் கசக்கலாம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முசுலிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தொகை. அவர்களுட் பெரும்பகுதியினர் மன்னாரைச் சேர்ந்தவர்கள். எருக்கலம்பிட்டியாரும் முசலிப் பகுதியாரும் கையில் அகப்பட்டதோடு கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தனர். முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் பலர் இன்னும் அங்கேயே வாழ்கின்றனர். பிள்ளைகள் அங்கே பிறந்தனர். பேரப்பிள்ளைகள் அங்கே பள்ளிக்குப் போகின்றனர். எனினும் ஊரோடு கொண்ட உறவை அறுக்க மனமில்லாமல், தம் பெயரை மன்னார் இடாப்பிலேயே வைத்திருப்போர் உண்டு. இடம்பெயர்ந்தோர் தம் பழைய ஊரிலேயே பதிவு பெறுவதற்கென்று 2013இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. பதிவு ஊரில், வாழ்வு புத்தளத்தில். வாக்களிக்க வேண்டுமாயின் பயணம் செய்ய வேண்டும்.

2019 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை, புத்தளத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பஸ் வண்டிகள் அநுராதபுர மாவட்டத்தினூடாக மன்னாருக்குப் புறப்பட்டன. தந்திரிமலைக்கு அருகே வீதியில் டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. வண்டித் தொடர்மீது துப்பாக்கிச் சூடும் கல்வீச்சும் நடந்தன. எவரும் உயிரிழக்கவில்லை என்பது ஆறுதல். பொலிசார் வந்து தடையை அகற்றி, வண்டிகளைக் காவலுடன் அனுப்பிவைத்தனர். மக்கள் தொடர்ந்து பயணஞ்செய்து மன்னாருக்கு வந்து வாக்களித்தனர். வெடியோசை கேட்டும் வீடு திரும்பாத அந்த முதியவர்களையும் கைக்குழந்தைத் தாய்மாரையும் நினைக்கும்போது, பாடசாலைக்கு அரைக் கட்டை தூரம் நடக்கச் சோம்பும் நம்மவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அவர்கள் யாருக்கு வாக்களித்தனர் என்பது நம் கேள்வியன்று. நம் வாக்குக்குப் போட்டியாக வருவோர் என்று அவர்களைப் பற்றி இவ்வூரில் முணுமுணுப்போர் இருப்பதை அறிவோம். அம்முணுமுணுப்பு நமக்கு அழகன்று. தமிழின் பெயரால் ஏந்திய ஆயுதத்தினால் துரத்தப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் அஞ்சாமல் வாக்களிக்கும் வழியைத் தமிழராகிய நாமே முன்னின்று கேட்பது கடமை. கேட்க வேண்டியதும் பெரிதன்று. முன்னைய தேர்தல்களில் இடம்பெயர்ந்தோருக்கென்று புத்தளத்திலேயே தனி நிலையங்கள் அமைக்கப்பட்டதுண்டு. மன்னார் இடாப்பில் உள்ளவர் புத்தளத்தில் வாக்களித்து, சீட்டுப் பெட்டி மாத்திரம் வன்னிக்குப் பயணஞ்செய்யட்டும். நூறு பஸ்களில் ஆயிரக்கணக்கான மக்களைக் காட்டுவழியே கொண்டுவருவதிலும், சில பெட்டிகளைக் காவலுடன் கொண்டுவருதல் எளிது, மலிவு. இந்த ஏற்பாட்டை ஒவ்வொரு தேர்தலிலும் கெஞ்சிக் கேட்கும் நிலை மாறி, நிலையான விதியாக வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இக்கோரிக்கை அவர்களுக்கு மட்டும் உரியதன்று. கமக்காரரே, கணக்கைப் பாருங்கள்: 2005, 2019 ஜனாதிபதித் தேர்தல்கள் நவம்பரில்; 2024 பாராளுமன்றத் தேர்தலும் நவம்பரில். நவம்பர் என்றால் கட்டுக்கரைக் குளத்தின் கீழ்க் காலபோக வேலை, வாடைமழை, கடற்கொந்தளிப்பு. தபால் வாக்கு அரச ஊழியர், பொலிசார், படையினர் போன்ற வகுப்பினர்க்கே உண்டு. வயற்கொட்டிலில் இரவு காவல் இருப்பவருக்கும், பருவத்துக்குப் பருவம் வாடி மாறும் மீனவருக்கும் அது இல்லை. முன்கூட்டி வாக்களிக்கும் ஒரு நாளேனும் அவர்களுக்கு வேண்டும். இந்தியாவில் எந்த வாக்காளரும் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் செல்ல நேராதபடி நிலையம் அமைய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நெறி. குசராத்தின் கிர்க் காட்டில் ஒரேயொரு வாக்காளருக்காக அலுவலர் குழு ஒன்று பெட்டியோடு போன கதையைப் பத்திரிகைகளிற் படித்திருப்பீர்கள். அது விளம்பரம் என்று சிரிப்போரும் உளர். விளம்பரமாகவே இருக்கட்டும், அதுபோன்ற விளம்பரம் மடுக் காட்டோரச் சிற்றூர்களுக்கும் கிடைத்தால் வேண்டாமென்போமா?

சிற்றூர் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. பாராளுமன்றத் தேர்தல் முடிவு தொகுதிவாரியாக வெளிவருகிறது. எந்த ஊர் எப்படி வாக்களித்தது என்று எவரும் அறியார். 2018, 2025 உள்ளூராட்சித் தேர்தல்களில் வட்டார முறை காரணமாகப் பெரும்பாலும் வாக்களிப்பு நிலையத்திலேயே எண்ணினர். முடிவு விரைவாக வந்தது. ஊர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதும் அன்றிரவே வெளியாயிற்று. பெரிய ஊருக்கு இதனால் தீங்கில்லை. சில நூறு வாக்குகளே உள்ள கரையோரக் குடியிருப்புக்கு, வீதியும் நீர்க்குழாயும் வெல்பவர் கையில் இருக்கும்போது, இது சிறு செய்தியன்று. சட்டத்தரணிகள் இதனை ஆராய வேண்டும்.

இவையெல்லாம் ஆணைக்குழுவும் பாராளுமன்றமும் செய்ய வேண்டியவை. 2015 தொடக்கம் தேர்தல் ஆணைக்குழு சுயாதீனமாக இயங்கி வருகிறது, எழுதினால் கேட்பார்கள். நாமே செய்ய வேண்டியது இடாப்புப் பற்றியது. இடாப்பிற் பெயரில்லையேல், நிலையம் உங்கள் வீட்டு முற்றத்தில் இருந்தும் பயனில்லை. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். 1948இன் பிரசா உரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் வந்தன. 1952இல் ஒருவர்தானும் இல்லை. பெட்டியை எவரும் தூக்கிச் செல்லவில்லை. பாதையை எவரும் மறிக்கவில்லை. இடாப்பில் சில பக்கங்கள் இல்லாமற் போயின, அவ்வளவே. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் அம்மலையகத் தமிழர் பல்லாயிரவர் நம் தலைமன்னார்த் துறையிலேதான் கப்பலேறினர்.

ஆகவே கிராம அலுவலர் இடாப்புத் திருத்தப் படிவத்தைக் கொண்டுவரும்போது, அதனைப் பெட்டகத்தின் மேல் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். 18 வயது நிரம்பிய பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். வேற்றூரிலிருந்து மணமுடித்து வந்த மருமகளின் பெயர் அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் போவது நம் வீடுகளில் அடிக்கடி நேர்வது. அதனை முதலில் பாருங்கள். இறந்தவர் பெயரை நீக்குவது மரியாதைக் குறைவன்று. திருத்திய இடாப்புப் பார்வைக்கு வைக்கப்படும் நாள்களில், இங்குள்ள ஆசிரியர்கள் ஊருக்கு இருவராகச் சென்று பெயர்களைச் சரிபார்த்தால், விடுபட்டவர் உரிய காலத்துள் உரிமை கோரலாம்.

அடுத்தது முகவர்கள். அடுத்த தேர்தலில் ஒவ்வொரு நிலையத்திலும், அந்தந்த ஊர் முகங்களை அறிந்த ஒருவர், பெட்டி காட்டுவது முதல் முத்திரையிடுவது வரை இருக்க வேண்டும். விதைப்புக் காலத்தில் ஒரு நாள் கூலியை விட்டு வருபவருக்கு மதியச் சோற்றுக்கும் மாற்றாள் ஒருவருக்கும் ஏற்பாடு வேண்டும். கட்சிக்காரர் அதனைக் கடைசி நாளில் நினைப்பார்கள். நானாட்டான், முருங்கன் கமக்கார அமைப்புகள் இன்றே பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கலாம். எருக்கலம்பிட்டியாரையும் தாராபுரத்தாரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் செயலாளர் வாசலருகே மேசையில் இருப்பார். பெயர் தர விரும்புவோர் அவரிடம் கொடுக்கலாம்.